மிதவையடிப் பலகைக்கு நான் எழுதிய பிழை

நானா,

“ரீச்சர், இதில எழுதியிருக்கிறது நீங்க கண்டதா, கேட்டதா?”

அப்படித்தான் கேட்டீர்கள். என் வீட்டு விறாந்தையில், மிதவையைக் காக்க நான் எழுதிய மனுவின் கடைசித் தாளில் கையெழுத்து வைக்கப் பேனையைத் திறந்துவிட்டுக் கேட்டீர்கள். “கேட்டதுதான் நானா” என்றேன். “அப்ப சரி” என்று மட்டும் சொல்லி, சீமெந்து தின்று வெடித்துப்போன விரல்களால் உங்கள் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினீர்கள். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனீர்கள். எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. அன்று பின்னேரமே மறந்துபோனேன்.

இன்று காலையிலிருந்து அந்தக் கேள்வி என்னை ஓர் இடத்தில் இருக்க விடவில்லை. நகங்களுக்குள் வெள்ளைப் பெயின்ற் ஏறியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன், மணம் போகவில்லை. எழுத இருந்தால் எழும்பிப் படலை வரை நடக்கிறேன். வீதியில் பஸ் இரைந்தால் எட்டிப் பார்க்கிறேன். ஊற்றி வைத்த தேநீரில் எறும்பு மிதக்கிறது. இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன்.

இந்த மடலை உங்களால் வாசிக்க ஏலாது. வேறு சிலர் வாசிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையும் முதலில் சொல்லிவிடுகிறேன். நானா என்பது உங்கள் முஸ்லிம் சனம் அண்ணனைக் கூப்பிடுகிற முறை, நாங்களும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டோம்.

கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போகும் வீதியில், மரங்களுக்கிடையால் கடல் தெரிகிற ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வீதியோரத்தில் ஓர் இரும்பு மிதவை நிற்கிறது. துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி வைப்பதற்காகக் கடலில் மிதக்க விடுவார்களே, அது. பெரிய பீப்பா ஒன்றை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். ஆள் உயரத்தை விடக் கூட. நாலு பேர் கைகோர்த்தால்தான் சுற்றிப் பிடிக்கலாம். உச்சியில் கயிறு கட்டும் வளையம். புதிதாக வருகிறவர்கள் பஸ்ஸுக்குள்ளிருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது பஸ் தரிப்பிடம். கொண்டக்டர்மார் ஊரின் பெயரைச் சொல்வதே இல்லை. “மிதவையடி இறங்கு, மிதவையடி” என்றுதான் கத்துவார்கள். தேர்தல் காலத்தில் எல்லா மதிலும் நாறிப்போகும். மிதவையில் மட்டும் ஒரு கட்சியின் முகமும் நிற்காது. துருவில் பசை பிடிப்பதில்லை.

அதைச் சுற்றி வட்டமாக, இருக்கத் தக்க திண்ணைபோல் ஒரு சீமெந்துக் கட்டு. கூரை கிடையாது. மிதவையின் நிழல்தான் கூரை. காலையில் நிழல் மேற்குப் பக்கம் நீளமாக விழும். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கிக் கடற்பக்கம் வரும். பின்னேரம் கிழக்குக்குப் போய்விடும். பஸ்ஸுக்கு வந்தவர்கள் அதனோடு சேர்ந்து நகர்வார்கள். கதையை நிறுத்தாமலே, யாரும் யாருக்கும் சொல்லாமலே, ஒரு சாண், இரண்டு சாண் என்று கட்டில் அரக்கி அரக்கிப் போவார்கள். பிந்தி வருகிற கிழவருக்கு நிழலின் நடுப்பகுதி, இளந்தாரிகளுக்கு ஓரம். சூரியனின் போக்கை நான் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்தது அங்கேதான். கரும்பலகையில் வட்டம் போட்டு விளங்காத பிள்ளைக்கு, அந்தக் கட்டில் ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்தால் விளங்கிவிடும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கட்டின் மேல் உள்ளங்கை அளவு கருங்கல் ஒன்று எப்போதும் கிடக்கும். வளைவில் பஸ்ஸை முதலில் காண்கிறவர் அந்தக் கல்லை எடுத்து மிதவையில் மூன்று தரம் தட்ட வேண்டும். உள்ளே வெற்றிடம் என்பதால் மணிபோல் கேட்கும். ஒழுங்கைக்குள் பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டு நிற்கிற தாய் சீப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். சும்மா தட்டினவனை ஊரே ஏசும். நீங்கள் ஒருநாள் எண்ணெய் ஏற்றி வந்த பவுசர் லொறியைப் பஸ் என்று நினைத்துத் தட்டிவிட்டு, ஓடி வந்த பெண்களிடம் வாங்கிய ஏச்சை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். “கண்ணாடி போடுங்க நானா, இல்லாட்டிக் கல்லைத் தொடாதீங்க” என்றாள் ஒருத்தி. அடுத்த கிழமையே கண்ணாடியோடு வந்தீர்கள்.

மேசன் வேலை செய்கிற உங்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாரி தொடங்க முன்னர் ஒவ்வொரு வருடமும் அந்தக் கட்டின் வெடிப்புகளை நீங்களாகவே வந்து பூசிவிட்டுப் போவது எத்தனை பேருக்குத் தெரியும்? எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த நாளையும் சொல்ல வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் பதினைந்து பேர் இருந்து வந்தோம். வீதி பற்றைக்குள் போயிருந்தது. வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. எங்கே இறங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. “இது எங்கட இடமில்லை, இன்னும் போகோணும்” என்று என் தாய் அழுதுகொண்டிருந்தா. அப்போது கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. நீங்கள் எங்களுக்கு இரண்டு நாள் முன்னரே வந்து, மிதவையைக் கண்டுபிடித்து, பற்றையை வெட்டிவிட்டு, வீதியில் எந்த இரைச்சல் கேட்டாலும் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வருகிறவர் தமிழரோ முஸ்லிமோ உங்களுக்குத் தெரியாது. மிதவையில் சில ஓட்டைகள் விழுந்திருந்தன. சத்தம் மட்டும் மாறவில்லை. “ரீச்சர், இறங்குங்க. வந்து சேந்திட்டீங்க” என்றீர்கள்.

மனுவில் நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான், நானா. இது நான் கண்டது.

வீதியை அகலமாக்கப் போகிறார்கள், மிதவையை வெட்டி எடுத்துப் பழைய இரும்பாக விற்றுவிடுவார்கள் என்று கதை வந்தபோது ஊர் என்னிடம்தான் வந்தது. வரலாறு படிப்பிக்கிறவள், எழுதத் தெரிந்தவள். எனக்கும் ஒரு பதற்றம். பஸ் தரிப்பிடம் என்று எழுதினால் ஆர் மதிப்பார்கள்? புதிதாகக் கூரை போட்ட ஒன்றைக் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். திருகோணமலை நகரத்தில், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் முன்னொரு நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் போரில் கப்பலோடு செத்தவர்களுக்காக அந்த நாட்டுக் கடற்படைக்காரர் ஏதோ ஒரு மிதவையைக் கரையில் நட்டார்களாம். எந்த மிதவை, எந்தக் கரை என்று அவருக்கும் தெரியாது. எனக்கு அது போதுமாயிருந்தது. ‘சொல்லப்படுகிறது’ என்ற ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல், உறுதியான வசனங்களில் இரண்டு பக்கம் எழுதினேன். எழுத எழுத எனக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது.

மனு வென்றது. வீதியைச் சற்று வளைத்துப் போட்டார்கள். மிதவை நின்றது. ஊர் எனக்கு மாலை போட்டது.

பிறகு பலகை வந்தது. ‘போரில் உயிர்நீத்த தம் தோழர்களின் நினைவாக வெளிநாட்டுக் கடற்படையினர் நிறுவிய மிதவை. தொடவோ அமரவோ வேண்டாம்.’ முதல் வசனம் என்னுடையது. இரண்டாவது அதன் பிள்ளை. பலகைக்குப் பிறகு தூண்கள் வந்தன, தூண்களுக்கிடையில் சங்கிலி வந்தது. கட்டைச் சுத்தம் செய்தவர்கள் கருங்கல்லைக் குப்பை என்று வாய்க்காலில் எறிந்தார்கள். வெளிநாட்டவர் இருவர் வந்து பூச்செண்டு வைத்துப் படம் எடுத்தார்கள். எங்கள் சனம் சங்கிலிக்கு வெளியே, நிழல் எட்டாத தூரத்தில், குடை பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரு பின்னேரம் நான் பஸ்ஸுக்குப் போனபோது நீங்கள் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டில் இருந்தீர்கள்.

“நானா, சங்கிலி” என்றேன், பள்ளிக்கூடக் குரலில்.

“எனக்குத் தெரியும் ரீச்சர். அந்தத் தூணுக்குக் கொங்கிறீற் போட்டதே நான்தான். வந்து இருங்க.”

வந்து இருந்தேன். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினீர்கள்.

“எனக்கு ஒம்பது வயசு. பெரிய காத்தடிச்ச வரிசம். விடியப் பாத்தா, கரைவலை இழுக்கிற இடத்தில இது வந்து கிடக்கு. வலை போட்டா இதில கிழியிது. எத்தினை நாளைக்குப் பாக்கிற? எங்கட வாப்பாவும் உங்கட ஊர் ஆக்களுமாப் பன்னிரண்டு பேர் பனங்குத்தியைக் கீழ குடுத்து உருட்டினாங்க. ரெண்டு நாள். நானும் பின்னால தள்ளினன். தள்ளினதெண்டா, கையை வெச்சுக்கிட்டு நடந்தன்.”

“இங்க ஏன் கொண்டந்தவை?”

“இரும்பு வாங்கிற லொறி ஒண்டு வாறன் எண்டு சொன்ன. அதுக்குக் குடுக்கத்தான் றோட்டடிக்குக் கொண்டந்த.”

“பிறகு?”

“பிறகென்ன, லொறி வரல்ல. இழுத்த களைப்பில வாப்பா இதிட நிழலில சாஞ்சு இருந்தார். அடுத்த நாள் பஸ்ஸுக்கு வந்த பொம்புள ஒராள் இருந்தா. அவ்வளவுதான் ரீச்சர்.”

துறைமுகத்துச் சாமானை எடுத்தது குற்றம், பொலிஸ் வரும் என்று உங்கள் வாப்பா பல காலம் பயந்ததையும், ஜீப் சத்தம் கேட்டால் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றதையும் சொல்லிச் சிரித்தீர்கள். அதனால்தான் அந்தப் பன்னிருவரும் வெளியில் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனாலும் கட்டைக் கட்டியபோது, ஆளுக்கொன்றாகக் கடற்கரைச் சோகியை, அந்தச் சின்னச் சோழிச் சிப்பியை, சீமெந்து காய முன்னர் பதித்து வைத்தார்களாம். குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினீர்கள். இத்தனை வருடம் அவற்றை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு சோகி. ஒன்றின் பக்கத்தில் மட்டும் சின்னதாய் ஒரு விரல் அடையாளம். அது உங்களுடையது.

“அப்ப ஏன் நானா அந்த மனுவில கையெழுத்து வைச்சீங்கள்?”

“இரும்புக்கு வெச்ச கையெழுத்து ரீச்சர். கதைக்கு வெச்சதில்ல.”

பஸ் வருகிற நேரத்தில் எழும்பி, சங்கிலியைத் திரும்பவும் கொளுவிக்கொண்டே சொன்னீர்கள். “வாப்பாட பேர் கிடக்கட்டும். ஆரோ செத்ததுக்கு எங்கட சனம் ஏன் வெயிலில நிக்கோணும்? அதை மட்டும் கொஞ்சம் பாருங்க.”

“பாக்கிறன் நானா” என்றேன்.

பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதை உங்களுக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலில், திருத்தினால் மிதவை போய்விடும் என்ற பயம். அது நியாயமான பயம். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. நான் ஓய்வுபெற்றபோது பள்ளிக்கூடத்தில் வைத்த பிரியாவிடை வைபவத்தில் அதிபர், ‘மிதவையடியைக் காப்பாற்றியவர்’ என்று என்னை அறிமுகப்படுத்தினார். பிள்ளைகள் மேடையில் என் கதையை நாடகமாகப் போட்டார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஐந்து பிள்ளைகள் கடதாசி மிதவையைச் சுற்றி நின்று வணக்கம் செலுத்தினார்கள். முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். அதன் பிறகு எப்படிப் போய்ச் சொல்வது? அடுத்த மாதம், நோன்பு முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். சந்தியில் கண்டால், “என்ன ரீச்சர், சுகமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவீர்கள். ஒருநாளும் நினைவூட்டவில்லை. ஒருநாள் நினைவூட்டியிருந்தால் கோபப்பட்டாவது செய்திருப்பேன்.

மூன்று மாதத்துக்கு முன்னர் நீங்கள் போய்விட்டீர்கள். துக்கம் காத்து வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கிற உங்கள் மனைவியைப் பார்க்க நான் வீட்டுக்குள் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரீச்சர் ஒண்டு எழுதித் தருவா எண்டு சொல்லிக்கிட்டு இருந்த மனிசன்” என்றா. என்ன எழுத்து என்று அவவுக்குத் தெரியாது. வீட்டுக் கடிதம் ஏதோ என்று நினைத்திருக்கிறா. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சென்ற திங்கட்கிழமை பர்ஸானா வந்தாள். என்னிடம் படித்த பிள்ளை, இப்போது பிரதேச சபை அலுவலகத்தில் வேலை. கதிரையில் இருக்க முன்னரே விசயத்துக்கு வந்தாள்.

“பலகை உக்கிப் போச்சு ரீச்சர். இந்தமுறை கருங்கல்லில வெட்டப் போறாங்க. அதே வசனம்தான், கொஞ்சம் வடிவா எழுதித் தாங்க. வியாழக்கிழமை குடுத்தாப் போதும். சங்கிலியை எடுத்திட்டு இரும்பு வேலி வருது. கேற்றும் வருது, பூட்டோட.”

“திறப்பு ஆரிட்ட இருக்கும்?”

“அலுவலகத்தில.”

கருங்கல். பலகை என்றால் பத்து வருடத்தில் உக்கிவிடும், என் பொய்யும் அதோடு உக்கிவிடும் என்று எங்கோ மனதுக்குள் கணக்குப் போட்டிருந்திருக்கிறேன் போல. கல் உக்காது. அன்றிலிருந்து நித்திரை குழம்பிவிட்டது. பழைய வசனத்தை ஒருதரம் வடிவாக எழுதினேன். நீங்கள் சொன்னதை ஒருதரம் எழுதினேன். இரண்டு தாளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று மிதவையைக் காக்கும், சனத்தை வெளியே பூட்டும். மற்றது சனத்தை உள்ளே விடும், ஆனால் மிதவை நிற்குமோ தெரியாது.

இன்று வியாழன். ஏழு மணிக்கு முன்னரே காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு மிதவையடிக்குப் போனேன். புது வேலைக்கு ஆயத்தமாகக் கட்டு முழுவதையும் வெள்ளைப் பெயின்றால் தடிப்பாக மூடியிருந்தார்கள். உங்கள் சோகிகள் ஒன்றும் தெரியவில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், முழங்காலில் இருந்து சுரண்டத் தொடங்கினேன்.

பரமேஸ்வரி ஏற்கனவே வந்து வெளியே நின்றா. மூதூருக்குக் கீரை கொண்டுபோகிறவ. தலையில் துவாய், காலடியில் கீரைக் கூடை.

“என்ன ரீச்சர், பென்சன் காணாமல் பெயின்ற் சுரண்டி விக்கிறீங்களோ?”

“சோகி தேடுறன்.”

“தேடுங்கோ, தேடுங்கோ. பொலிஸ் வந்தா நான் உங்களைக் காணேல்லை.”

“வெயிலில நிக்காமல் உள்ளுக்கு வந்து இரும் பரமேஸ். நிழல் கிடக்கு.”

“ஏலாது ரீச்சர். போன கிழமை இந்த இடத்திலதான் தலைசுத்தி விழுந்தனான். தண்ணி தெளிச்சு எழுப்பி, உள்ள கொண்டுபோய் இருத்துவம் எண்டு தூக்கினவை. நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். செத்த ஆக்களின்ர இடம்.”

“பேய்க்குப் பயமோ?”

“எங்கட பேயெண்டாலும் பரவாயில்லை, அப்பு ராசா எண்டு சமாளிக்கலாம். வெள்ளைக்காரப் பேய்க்குத் தமிழும் விளங்காது.” தானே சிரித்தா.

நான் சிரிக்கவில்லை. “செத்த ஆக்களின்ர இடமெண்டு ஆர் சொன்னது?”

பரமேஸ்வரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. “ஆரோ? நீங்கள்தானே எழுதி வைச்சிருக்கிறீங்கள்.”

கத்தி கையில் அப்படியே நின்றது. நீங்கள் மெதுவாகச் சொன்னதை அவ அப்பட்டமாகச் சொல்லிவிட்டா. இடம்பெயர்ந்து வந்த அன்று அந்த உழவு இயந்திரப் பெட்டியில் என் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருத்தி பரமேஸ்வரி. மூன்று தட்டையும் என்னோடு சேர்ந்து கேட்டவ. அவவைத்தான் நான் எழுத்தால் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

“அது பிழை பரமேஸ்” என்றேன். “நான் பிழையா எழுதிப்போட்டன். ஒருத்தரும் இங்க சாகேல்லை. இஞ்ச வாரும், காட்டுறன்.”

அவ உடனே வரவில்லை. கூடையை முதலில் உள்ளே தள்ளினா. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்தா. கடைசியில் கட்டில் இருந்து, நான் சுரண்டுவதைப் பார்த்து, “உப்பிடிச் சுரண்டினால் சோகியும் வந்திடும், கத்தியைச் சரிச்சுப் பிடியுங்கோ” என்று வேலை சொல்லத் தொடங்கினா. பஸ் வருவதற்குள் ஏழு சோகி கண்டுபிடித்தோம். விரல் அடையாளம் இருந்தது ஏழாவதற்குப் பக்கத்தில். அவ தன் சுண்டுவிரலை அதற்குள் வைத்துப் பார்த்தா. கொள்ளவில்லை. “சின்னப் பிள்ளையின்ர” என்றா.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பர்ஸானாவிடம் கொடுத்த தாளில் இருந்ததை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்:

‘பெருங்காற்றில் கரையொதுங்கிய இந்த மிதவையை, கரைவலை இழுத்த இரண்டு ஊர்க்காரர் பன்னிருவர் இங்கே உருட்டி வந்தனர். அன்று முதல் இது பஸ்ஸுக்குக் காத்திருப்போரின் நிழல். ஊர் திரும்பியவர்களுக்கு வழி சொன்னதும் இதன் ஓசையே. அமரலாம். பஸ்ஸைக் கண்டால் தட்டலாம்.’

அடியில் சின்ன எழுத்தில், ‘முதல் வசனம் கண்டவர் சொல்லக் கேட்டது. மற்றவை கண்டவை’ என்று சேர்த்திருந்தேன்.

பர்ஸானா இரண்டு தரம் வாசித்தாள். கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். “ரீச்சர், நினைவுச் சின்னம் எண்டபடியால்தான் றோட்டையே வளைச்ச. இது போனா அந்தப் பட்டியலிலயிருந்து தூக்கினாலும் தூக்குவாங்க. தெரியும்தானே?”

“தெரியும் பிள்ளை.”

“அப்ப, முந்திக் குடுத்தது?”

“விடை சரி. செய்கை இட்டுக்கட்டினது.”

அவள் நிமிர்ந்தாள். எட்டாம் வகுப்பில், ஆளில்லாமல் நானே கணக்கும் படிப்பித்த வருடம், கணக்குப் புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்றபடி ஒரு செய்கையை இட்டுக்கட்டி எழுதியவள் அவள்தான். விடை சரியாக இருந்தும் நான் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன்.

“எனக்கு அதுக்குச் சைபர் போட்டீங்க” என்றாள். “ஊட்ட போய் அடியும் வாங்கின.”

“ஓம். எனக்கும் போடு.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தாளை எடுத்துத் திகதி முத்திரை குத்தினாள். “அடுத்த மாதக் கூட்டத்தில வைக்கிறன். என்ன சொல்லுவாங்களோ தெரியாது. வெறும் தாளாப் போனா நிக்காது ரீச்சர். சனத்திட கையெழுத்தும் கொண்டாங்க.”

இந்தமுறை கதைக்கும் சேர்த்து வாங்க வேண்டும், நானா.

அங்கிருந்து நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். “மனிசன் கேட்ட எழுத்து இதுதானா?” என்றா. “இதுதான். பிந்திப்போச்சு” என்றேன். அவ தாளை வாங்கினா. முதல் கையெழுத்தை வைத்துவிட்டு அறைக்குள் போய், பழைய துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. கனமாக இருந்தது. வாய்க்காலுக்குள் எறிந்த கருங்கல். அதை நீங்கள் எடுத்துக் கொண்டுவந்து, அலுமாரிக்கு அடியில் இவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறீர்கள்.

“மிதவையடிக் கட்டில தேவைப்படும் எண்டு சொன்னவர்” என்றா.

கல் இப்போது என் கைப்பைக்குள் கிடக்கிறது. வீட்டுக்குள் நடக்கும்போதும் பையைத் தோளிலிருந்து கழற்ற மனம் வரவில்லை. நாளைக்கு ஏழு மணிக்கு அதையும் கையெழுத்துத் தாளையும் கொண்டு மிதவையடிக்குப் போவேன். மிச்சம் ஐந்து சோகி பெயின்றுக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் மிதவையை வெட்டி ஏற்றினால், ஊர் என்னைத்தான் பார்க்கும். ‘சும்மா கிடந்த வாயை ஏன் திறந்தாய்?’ என்று கேட்பார்கள். அந்தப் பயம் இதை எழுதும்போதும் போகவில்லை. உங்களைப் போல, இரும்புக்கு ஒரு கையெழுத்தும் கதைக்கு ஒரு மௌனமுமாக நிதானமாக இருக்க எனக்கு வரவில்லை. ஆனால் பரமேஸ்வரி நாளைக்கு எங்கே நிற்பா என்று போய்ப் பார்க்க வேண்டும். கட்டில் இருந்தா என்றால், வளைவில் பஸ் தெரிந்ததும் நான் தட்டுவேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பவுசர் இல்லை, பஸ்தான் என்று நன்றாகக் கண்ட பிறகு.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வீட்டுவேலை. உங்கள் வீதியோரத்தில் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிற ஒன்றின் பக்கத்தில் நாளைக்குப் போய் இருந்து, ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, அதைப் பற்றி நீங்கள் கண்டதை ஒரு பக்கமும் கேட்டதை மறுபக்கமும் எழுதுங்கள்.